அப்பாவின் இனம், அம்மாவின் குடி

1990 ஆம் ஆண்டு ஜூன் மாதம். சிறுபோக வயல் பச்சையாய் நிற்கையில் அதை அப்படியே விட்டுவிட்டு, படுவான்கரையிலிருந்து தோணியேறி வாவியைக் கடந்து நகரத்துக்கு வந்து சேர்ந்தோம். ஒரு பாடசாலை மண்டபத்தில் இடம் கிடைத்தது. மூன்றாம் நாள், மேசை போட்டுப் பதிவு எடுத்தார்கள். குடும்பத் தலைவர் பெயர், ஊர், அங்கத்தவர் தொகை எல்லாம் எழுதி முடிந்த பிறகு பதிவு செய்தவர், ‘இனம்?’ என்று கேட்டார்.

அம்மா ‘தமிழ்’ என்றார். அதே நேரத்தில் அப்பா ‘பறங்கி’ என்றார்.

எழுதியவர் தலையை நிமிர்த்தி இருவரையும் பார்த்தார். ‘அப்ப பிள்ளைகள்?’ என்றார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. பின்னால் வரிசை நீண்டிருந்தது. அவர் தமக்குத் தோன்றியதை எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். நிவாரண அட்டை கைக்கு வந்தபோது பார்த்தால், பிள்ளைகள் நால்வரில் மூத்த இருவரும் தமிழர், இளைய இருவரும் பறங்கியர். ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ஒரே பாயில் படுப்பவர்கள்!

திருத்தித் தரும்படி கேட்கப் புறப்பட்ட அப்பாவை அம்மா மறித்துவிட்டார். ‘என்னத்த எழுதினா என்ன, பருப்பு எல்லாருக்கும் ஒரே அளவுதானே’ என்றார்.

பருப்பு ஒரே அளவுதான். ஆனால் அந்தக் கேள்வி அன்று முகாமில் தொடங்கியதுமல்ல, அங்கே முடிந்ததுமல்ல. இடம்பெயர்ந்து வாழும் எங்கள் வாசகர்களில் பலர், ‘நீங்கள் எந்த ஊர், எந்த ஆட்கள்?’ என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாமல் நின்றிருப்பீர்கள். கலப்புக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு அது ஊரில் இருக்கும்போதே கேட்கப்படும் கேள்வி. அந்த அனுபவத்தையும், அது கடைசியில் ஒரு வயற்காணியில் வந்து முட்டிய கதையையும் இங்கே சொல்ல விரும்புகிறோம். எங்கள் குடும்பப் பெயரையும் ஊர்ப் பெயரையும் தவிர்த்திருக்கிறோம். அந்தக் காரணம் வாசிக்கையில் விளங்கும்.

அப்பா கோட்டைமுனைப் பக்கத்தில் தச்சுப் பட்டறை வைத்திருந்த குடும்பம். மட்டக்களப்புப் பறங்கியரில் அநேகர் கைத்தொழிலாளர் என்பது தெரிந்ததே. தச்சு, கொல்லு, தையல், இயந்திரம் திருத்துதல் என்று அவர்கள் கை படாத தொழில் குறைவு. அப்பா கரத்தைச் சில்லுச் செய்யவும், கதவு நிலை போடவும் பாதையேறிப் படுவான்கரைக்குப் போய்வருவார். இன்று மண்முனையில் பாலம் இருக்கிறது. 2014 இல் அது திறக்கும்வரை அவ்விடத்தில் பாதைதான். போன இடத்தில் நெல் வைக்கும் அறைக்குக் கதவு போட ஒரு வீட்டில் பத்து நாள் தங்கினார். அந்த வீட்டுக்காரரின் மூத்த மகள்தான் எங்கள் அம்மா. பத்து நாளில் முடியவேண்டிய வேலை ஒரு மாதம் இழுபட்டதாம். கதவு இன்றைக்கும் பழுதில்லை என்று அம்மப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊர் சும்மா இருக்கவில்லை. இருந்தாலும் அம்மப்பா, ‘பறங்கியெண்டாலும் கைத்தொழில் தெரிஞ்சவன், பிள்ளையப் பட்டினி போடமாட்டான்’ என்று சம்மதித்தார். ஆயரிடம் விலக்குப் பெற்று நகரத்துக் கோயிலில் கலியாணம் நடந்தது. அம்மா மதம் மாறவில்லை. நாங்கள் நால்வரும் ஞானஸ்நானம் பெற்றோம். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயிலில் கதவு திறந்து குளிர்த்தி பாடும் நாளில் அம்மாவோடு அங்கேயும் இருந்தோம். சிறு வயதில் இது எங்களுக்கு ஒரு சிக்கலாகத் தெரியவேயில்லை. வருடத்தில் இரண்டு மடங்கு பலகாரம் என்றுதான் தெரிந்தது.

சிக்கல் எங்கே இருக்கிறதென்றால், யார் எந்த ஆள் என்று கணக்குப் பார்ப்பதில் வாவியின் இரு கரையிலும் இரண்டு விதமான கணக்கு இருக்கிறது.

மட்டக்களப்புத் தமிழரிடையே குடி தாய்வழி. உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி என்று எந்தக் குடியானாலும் பிள்ளை தாயின் குடியையே சேரும். ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. கோயிலில் குடியின் பேர் சொல்லி வரிசை கொடுக்கும்போதும் தாயின் குடிதான் பேசும். வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவதும் இதனோடு சேர்ந்த வழக்கமே. முஸ்லிம் சகோதரர்களிடமும் இதே குடிமுறை உண்டு என்பதைப் பலர் அறிவீர்கள்.

பறங்கியர் கணக்கோ நேர் எதிர். 1830 அளவில் ஆங்கிலேயர் இங்கே விசாரணைக் குழு ஒன்றை நடத்தியபோது, பிரதம நீதியரசராயிருந்த றிச்சட் ஒட்லி இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். தகப்பன்வழி முன்னோர் ஒல்லாந்தராகவோ போர்த்துக்கேயராகவோ வேறு ஐரோப்பியராகவோ இருந்து, பெற்றோர் சட்டப்படி மணந்தவர்களாயின், தாய் யாராயினும், எத்தனை தலைமுறை கடந்தாலும் பிள்ளை பறங்கியே என்பது அதன் சாரம். அந்த மனிதர் மட்டக்களப்புக் குடிமுறையை நினைத்து அதைச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அது வந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டது.

இரண்டு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். தகப்பன் பறங்கி, தாய் தமிழ் என்றால் பிள்ளைக்கு அப்பாவின் இனமும் உண்டு, அம்மாவின் குடியும் உண்டு. இரண்டு கையிலும் பிடி. எங்கள் அப்பாவின் தங்கை ஒரு தமிழரைக் கட்டினார். அவருடைய பிள்ளைகளுக்குத் தகப்பன் வழியில் குடி இல்லை, தாய் வழியில் பறங்கியினமும் இல்லை. இரண்டு கையும் வெறுங்கை. நாங்களும் எங்கள் மாமியின் பிள்ளைகளும் முகச்சாயலில் ஒருவரையொருவர் உரித்து வைத்தவர்கள். மச்சாள் ஒருத்தி சொல்வாள்: ‘உங்களுக்கு ரெண்டு வீடு, எங்களுக்கு ரெண்டு வாசல்படி.’

இரண்டு வீடு இருந்தும் நாங்கள் உள்ளே போனோமா என்பது வேறு விஷயம். படுவான்கரையில் எங்களைப் ‘பறங்கிர பிள்ளைகள்’ என்று கூப்பிட்டார்கள். ஓட்டப் போட்டியில் வென்றாலும் அதுதான் பேர், தோற்றாலும் அதுதான் பேர். ஊர்க் கோயிலொன்றின் மடைப்பள்ளிக் கதவை அப்பாதான் செய்தார். வேலை கொடுத்தார்கள், கூலியும் ஒழுங்காகக் கொடுத்தார்கள். வரிசை கொடுக்கும் நேரத்தில் அவர் வெளியே வேப்பமர நிழலில் நிற்பார், நாங்கள் அம்மாவோடு உள்ளே நிற்போம். நகரத்தில் அப்பாவின் உறவுக்காரர் வீட்டுக் கலியாணத்துக்குப் போனால் நிலைமை மறுபக்கமாகும். வயலின் வாசித்து, றபான் தட்டி, கபிரிஞ்ஞா ஆட்டம் தொடங்கும்போது எங்கள் வயதுப் பிள்ளைகளெல்லாம் இறங்கிவிடுவார்கள். எங்களுக்குக் கால் வராது. பெரியம்மா ஒருவர் எல்லாருக்கும் கேட்க, ‘படுவான்கரைப் பிள்ளைகள், மாடு சாய்க்கத்தான் தெரியும்’ என்றார். மூத்தவள் அன்றைக்கு அழுதுகொண்டு வந்ததை இன்றும் நாங்கள் சொல்லிச் சிரிப்போம். அவள் இன்றும் சிரிப்பதில்லை.

பறங்கியரின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வதானால், போர்த்துக்கேயர் 1628 இல் புளியந்தீவில் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். பத்து வருடம் கழித்து, 1638 இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். ஆட்சி மாறினாலும் உள்ளூர்ப் பெண்களை மணந்து குடும்பமாகிவிட்ட போர்த்துக்கேயச் சந்ததியார் போகவில்லை. அவர்கள் பேசிய கலப்பு மொழியும் போகவில்லை. பிறகு ஒல்லாந்தர் வீடுகளிலேயே அந்த மொழி பேசப்பட்டது. மெதடிஸ்த மிஷனரிமார் புதிய ஏற்பாட்டை அந்த மொழியில் பெயர்த்து 1826 இல் கொழும்பில் அச்சிட்டார்கள் என்றால், எத்தனை பேர் அதைப் பேசியிருக்கவேண்டும்! கொழும்பிலிருந்த ஒல்லாந்துப் பறங்கியர் உத்தியோகம், ஆங்கிலம் என்று ஒரு பக்கம் போனார்கள். 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த பின்னர் அவர்களில் பலர் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். மட்டக்களப்பில் இருந்தவர்கள் உளியோடும் சீவுளியோடும் இங்கேயே நின்றார்கள். டெனிஸ் மக்கில்வ்றே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1982 இல் வெளியிட்ட கட்டுரையொன்றுக்கு ‘ஒல்லாந்துப் பறங்கியரும் போர்த்துக்கேய மெக்கானிக்குகளும்’ என்று பொருள்படத் தலைப்பு வைத்தார். மெக்கானிக் என்பது கொழும்புக்காரர் எங்கள் ஆட்களை இளக்காரமாகச் சொன்ன சொல். அப்பாவுக்கு அது கேட்டால் கோபம் வராது. ‘ஓம், திருத்தத் தெரிஞ்சவன் மெக்கானிக். திருத்தத் தெரியாதவன் தொரை’ என்பார்.

2012 குடிசன மதிப்பீட்டின்படி நாடு முழுவதிலும் பறங்கியர் 38,000 பேருக்குச் சற்றுக் கூட. மொத்தச் சனத்தொகையோ 2 கோடியே 3 இலட்சத்துக்கு மேல். இதற்குள் எங்களைப் போன்றவர்கள் எந்தக் கூட்டில் விழுந்தார்கள் என்பதை மதிப்பீட்டுக்கு வந்தவர்தான் அறிவார்.

அந்த மொழியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லவேண்டும். அப்பா தன் சகோதரங்களோடு பட்டறையில் அதைப் பேசுவார். எங்களோடு பேசியதில்லை. அம்மாவுக்கு விளங்காத பேச்சை வீட்டில் பேசக்கூடாது என்பது அவர் வைத்த சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் அதனால் எங்கள் நால்வருக்கும் ஒரு மொழி இல்லாமற் போனது. சொற்கள் போர்த்துக்கேயமாக இருந்தாலும் அந்த மொழியின் எலும்பு தமிழ் போலத்தான் என்று ஆய்வு செய்தவர்கள் சொல்கிறார்கள். வினைச்சொல் வசனத்தின் கடைசியில் வரும். பெயரோடு வேற்றுமை உருபு ஒட்டும். ‘எனக்குப் பசிக்குது’ என்று நாங்கள் சொல்வதுபோல, பசி ‘எனக்கு’ வரும், ‘நான்’ பசிப்பதில்லை. நானூறு வருடம் வாவிக்கரையில் தமிழரோடு அடுப்புப் பகிர்ந்த மொழி வேறெப்படி இருக்கும்? லிஸ்பன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹியூகோ கார்டோசோவும் குழுவினரும் அண்மைக் காலத்தில் மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் வந்து, பேசத் தெரிந்த முதியவர்களின் குரலைப் பதிவுசெய்தார்கள். அப்பா அதற்கு முன்பே, 1997 இல் காலமாகிவிட்டார்.

மறுபுறம் பாருங்கள். எங்கள் தமிழ் வீட்டுக்குள் எத்தனை பறங்கிச் சாமான்! அலமாரி, மேசை, கதிரை, வாங்கு, சன்னல், சாவி, விறாந்தை, குசினி, கோப்பை, பீப்பா, சப்பாத்து, லேஞ்சி, பாண் எல்லாம் போர்த்துக்கேயச் சொற்கள். அப்பா சில்லுப் போட்ட கரத்தையும் அந்த வழிதான். அலுவலகத்தை நாங்கள் சொல்லும் கந்தோர் ஒல்லாந்தச் சொல். எங்கள் அம்மம்மா ஒரு நாள் பச்சைமிளகாய் ஆய்ந்துகொண்டிருக்கையில், மிளகாயும் அன்னாசியும் கொய்யாவும் மரமுந்திரிகையும் போர்த்துக்கேயரால்தான் இந்தப் பக்கம் வந்தவை என்று பாடப் புத்தகத்தில் படித்ததைச் சொன்னோம். கிழவி கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, ‘அப்ப கொப்பர்ர ஆக்கள் வரமுதல் நாங்க என்னத்தப் போட்டு மனே சொதி வச்ச?’ என்று கேட்டார். மிளகுதான் என்றோம். அதற்குப் பிறகு அவர் மருமகனுக்குச் சோறு போடும்போது மிளகாய்ப் பொரியல் ஒன்று கூடுதலாக வைத்தாரா என்பது எங்களுக்கு ஞாபகமில்லை.

முகாம்களில்தான் எங்களைப் போல வேறு எத்தனை பேர் என்று தெரிந்துகொண்டோம். 1958 லும் 1977 லும் நடந்த கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து, இங்கே காடு வெட்டிக் குடியேறி, உள்ளூரில் கலியாணம் கட்டியவர்களின் பிள்ளைகள். வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர் குடும்பங்களில் பெண்ணெடுத்தவர்கள். மேற்கு எல்லைக் கிராமங்களில் தகப்பன் சிங்களவர், தாய் தமிழர் என்றிருந்த குடும்பங்கள். இந்தக் கடைசிப் பேர்களின் பாடுதான் பெரும்பாடு. ஒரு சோதனைச் சாவடியில் ஒரு பேர், அடுத்ததில் இன்னொரு பேர் என்று சின்னப் பிள்ளைக்குப் பழக்கிவைத்த தாயொருத்தியை அறிவோம். பிள்ளை பயத்தில் இரண்டு இடத்திலும் மாற்றிச் சொல்லாதிருக்கவேண்டுமே என்று அவள் நேர்த்தி வைத்திருந்தாள். எங்களுடைய ‘பறங்கி’ப் பட்டத்தால் அந்த நாட்களில் எங்களுக்கு ஆபத்து வந்ததில்லை. சில இடங்களில் அதைக் கேட்டுவிட்டு ‘போ’ என்று விட்டதும் உண்டு. பட்டறையில் திட்டாகக் கேட்ட சொல் சாவடியில் பாசாகியது. அதை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது, ஏனென்றால் அதே வரிசையில் பின்னால் நின்ற அம்மாவின் தம்பி மகனை இறக்கி வைத்துக்கொண்டார்கள். மறுநாள் விட்டுவிட்டார்கள்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்தது. டச்பாரில் வாழ்ந்த பறங்கியர் கூட்டமாக அழிந்தார்கள். நத்தாருக்கு மறுநாள், உறவினர் வீட்டுக்கு வந்திருந்தவர்களும் போனார்கள். கபிரிஞ்ஞா ஆடத் தெரியாத எங்களைப் பார்த்துச் சிரித்த வீடு அத்திவாரத்தோடு இல்லை. அந்தப் பெரியம்மாவும் இல்லை. அடக்கத்துக்குப் படுவான்கரையிலிருந்து அம்மாவின் ஆட்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். தப்பியவர்கள் பலர் பின்னர் திராய்மடுவில் குடியேற்றப்பட்டார்கள். கடல் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அங்கே இரவு நித்திரை வருவதில்லை என்று சொன்னார்கள். 2007 மார்ச்சில் சண்டை மூண்டு படுவான்கரையே வெறுமையானபோது, நாங்கள் போய் ஒதுங்கியது அந்தச் சிறு வீடுகளில் ஒன்றில்தான். இரண்டு அறை, பதினொரு பேர். ‘மாடு சாய்க்க’ப் பழகியவர்கள் என்பதால் குந்தியிருக்காமல் வளவைக் கொத்திக் கத்தரியும் பயற்றையும் போட்டோம். அந்த வருடம் இரு வீட்டாரும் ஒரே சட்டியில் கறி வைத்துச் சாப்பிட்டார்கள்.

இனிக் காணிக் கதை. பலருக்குப் பயன்படும் என்பதால் கொஞ்சம் விபரமாகச் சொல்கிறோம்.

அம்மப்பாவுக்குக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திர வயல் 2 ஏக்கர். அவர் உயிரோடிருக்கும்போதே எங்கள் அம்மாவைப் பின்னுரித்தாளராகப் பதிந்துவிட்டார். மகளுக்குப் போவதுதான் எங்கள் பகுதி வழக்கம். அவரும் அந்த வழக்கப்படியே செய்தார். அம்மா அப்படி ஒன்றும் எழுதவில்லை. இடம்பெயர்வு, மீள்குடியேற்றம், மீண்டும் இடம்பெயர்வு என்று காலம் ஓடி, 2011 இல் அவர் கண் மூடினார். வயலை மூத்தவளும் புருஷனும் செய்துகொண்டிருந்தார்கள். உர மானியத்துக்குப் பதியப் போனபோதுதான், பத்திரத்தில் இன்னும் அம்மாவின் பேரே இருப்பதும், பின்னுரித்தாளர் இல்லையென்பதும் வெளியே வந்தது.

1935 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த பழைய ஒழுங்குப்படி, பின்னுரித்தாளர் நியமிக்கப்படாமல், வாழ்க்கைத் துணையும் இல்லாமல் ஒருவர் இறந்தால், ஆண்பிள்ளைகளுக்கே முன்னுரிமை, அவர்களுள் மூத்தவனுக்கு உரிமை. 2022 இல் வந்த திருத்தம் ஆண், பெண் பேதத்தை நீக்கியது. ஆனால் அம்மா இறந்தது அதற்கு முன்பு, ஆகவே எங்களுக்குப் பழைய ஒழுங்குதான் என்றார்கள். அப்படியாயின் வயல் எங்களில் இரண்டாமவருக்கு. அவர்தான் மூத்த ஆண். தச்சு வேலைக்காரர், கலியாணம் கட்டாதவர், வயலில் கால் வைத்தே பல வருடம்.

ஊரில் பேச்சு எழுந்தது. தாய்வழியாய் வந்த காணி பறங்கிப் பேருக்கு மாறுகிறது என்று சொன்னவர்கள், எங்களைக் குடிப் பிள்ளைகள் என்று கோயிலுக்குள் சேர்த்துக்கொண்ட அதே ஆட்கள். மூத்தவள் ஒன்றும் பேசவில்லை. ஒரு மாதம் தம்பியின் வீட்டுப் பக்கம் போகவுமில்லை. பிறந்ததிலிருந்து ஒன்றாய்ச் சுமந்த பட்டம் அன்றுதான் எங்களை முதன்முதலாய் இரண்டாகப் பிரித்தது. முகாம் பதிவில் தமிழ், பறங்கி என்று பிரித்து எழுதியபோது சிரித்தோம். இதில் சிரிப்பு வரவில்லை.

இரண்டாமவர்தான் வழி கண்டார். பின்னுரித்தாளராக ஒருவரின் சொந்தப் பிள்ளைகளை மட்டுமல்ல, சகோதரங்களையும், சகோதரங்களின் பிள்ளைகளையும்கூடச் சட்டம் அனுமதிக்கிறது. ஆகவே காணியைத் தன் பேருக்கு எடுத்து, உடனேயே அக்காவின் மகளைப் பின்னுரித்தாளராகப் பதிவது என்று தீர்மானித்தார். ‘பத்திரம் அப்பாட கணக்குப்படி வரட்டும், வயல் அம்மாட கணக்குப்படி போகட்டும்’ என்றார்.

சொல்வது சுலபம். பிரதேச செயலகத்துக்குப் போனபோது பேரில் தடை வந்தது. அப்பாவின் குடும்பப் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும், அம்மாவின் மரணச் சான்றிதழில் மூன்றாவது விதமாகவும் எழுதப்பட்டிருந்தது. போர்த்துக்கேயப் பேரைத் தமிழில் எழுதும்போது ரகரமா றகரமா, ஸகரமா சகரமா என்பது எழுதுபவரின் விருப்பம். மூன்றும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடிக்கவேண்டி வந்தது. வாசகர்களே, உங்கள் ஆவணங்களை இன்றைக்கே எடுத்து விரித்துப் பாருங்கள். பெயர் எல்லாவற்றிலும் ஒரே எழுத்தில் இருக்கிறதா? பத்திரக்காரர் உயிரோடிருந்தால் பின்னுரித்தாளர் பதிந்திருக்கிறாரா? இல்லையென்றால் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுக்கொண்டு காணிப் பகுதிக்குப் போய் வாருங்கள். மழைக்கு முன் கூரை மேய்கிற வேலை இது.

ஏழு தடவை போய்வந்தோம். கடைசித் தடவை மூத்தவளும் மகளும் கூட வந்தார்கள். விண்ணப்பத்தை நிரப்பிய இளம் பெண் உத்தியோகத்தர், மருமகளின் பேரைக் கேட்டு எழுதினார். மருமகளுக்குத் தகப்பன் தமிழர். ஆகவே அவளுடைய பேரில் எங்கள் குடும்பப் பெயர் இல்லை. தாய்வழியில் அம்மம்மாவின் குடி மட்டும் இருக்கிறது, அதைக் கேட்க அந்தப் படிவத்தில் இடமில்லை. ‘மாமாவுக்கும் இவவுக்கும் என்ன உறவு?’ என்று உத்தியோகத்தர் கேட்டார். ‘என்ட அக்காட மகள்’ என்றார் இரண்டாமவர். எழுதிக்கொண்டார். கையெழுத்து வைத்துவிட்டு வெளியே வந்து, கடையொன்றில் தேத்தண்ணி குடித்தோம். மூத்தவள் தம்பியின் கோப்பைக்குச் சீனி போட்டுக் கலக்கிக் கொடுத்தாள்.

மண்முனைப் பாலத்தால் திரும்பி வருகையில் வாவியில் காற்று எழும்பியிருந்தது. பெரும்போகத்துக்கு விதைநெல் வாங்கவேண்டும், வாடிக் கூரையும் பிரிந்து கிடக்கிறது. அதைத் தான் வந்து சரிசெய்து தருவதாக இரண்டாமவர் சொல்லியிருக்கிறார். அப்பாவின் சீவுளி இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.